கவிழ்ந்த சரக்கு ரயில்

மொரப்பூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, முப்பது பெட்டிகள் கொண்ட பொம்மைச் சரக்கு ரயில் ஓட்டுவார் என் கணவர். கனமான பெட்டிகள் இன்ஜினை ஒட்டி இருக்க வேண்டும். பின்னால் போனால் வளைவில் இழுபட்டு லேசான பெட்டிகள் கவிழ்ந்துவிடும் என்பார். நான் காதில் வாங்கியதில்லை.

நாத்தனார் குடும்பத்தோடு வந்த அன்று, காலையில் தூசி துடைத்த நான், அழகாக இருக்கட்டுமே என்று பெட்டிகளை நிறவாரியாகக் கோத்தேன். கனமான கறுப்புப் பெட்டிகள் கடைசிக்குப் போயின.

மாலையில் முதல் வளைவிலேயே ரயில் சரிந்தது.

"என்ன தம்பி, உன் வண்டி கொய்யா மரத்தக்கூடத் தாண்டலையே" என்று நாத்தனார் சிரித்தார்.

கணவர் எங்கள் ஐந்து வயது மகளிடம் திரும்பினார். "பெட்டிய மாத்துனது நீதான?"

"இல்லைங்கப்பா."

"பொய் சொல்லாத. வேற யாரு தொடுவா?" முதுகில் ஓர் அடி விழுந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நாத்தனார் எதிரில் திட்டு வாங்கப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போனதும் மகளை மடியில் இருத்தினேன். நான் தொடங்குமுன் அவளே சொன்னாள்: "நான்தாம்மா மாத்திட்டேன் போல. எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

நான்தான் மாற்றினேன் என்று அவளிடமும் கணவரிடமும் சொன்னேன். அவரும் அடித்ததற்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தார். அவள் தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை.

எதற்கும் என்னையே சந்தேகப்படும் என் குணம் அவளுக்கு வந்துவிடக் கூடாதென்று வேண்டாத நாளில்லை. இப்போது வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தாலும், யாரும் கேட்பதற்கு முன்பே "நானாத்தான் இருக்கும்" என்கிறாள்.