நூறு என்று எழுதிய பல்பு

இளையபெருமாளின் கைகள் டைனமோவின் கரித்துண்டை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தன. நான் போய் நின்றதும், "அஞ்சு நிமிசம் நர்ஸம்மா. இத மாட்டாம வந்தா ஊரே இருட்டு" என்றார், தலை நிமிராமல்.

அவர் ஊர் என்றது மூன்று கட்டடங்களை. அவர் எஞ்சின் ஓட்டிய ரைஸ் மில், அதன் பின்சுவரை ஒட்டிய எங்கள் மருந்தகம், அதற்கடுத்த மாதா கோயில். மில் டைனமோவிலிருந்துதான் மற்ற இரண்டுக்கும் கம்பி இழுத்திருந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பர் ஏழாம் தேதி, மாலை நாலு மணி. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் பக்கமிருந்து ஊசி மாதிரி காற்று. எங்கள் மருந்தகத்தில் அருளம்மாளுக்கு எட்டாம் மாதத்திலேயே காலையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்றே கால் பவுண்டு. முந்தின இரண்டும் தங்கவில்லை. சூடு இறங்கினால் இதுவும் தங்காது.

பயிற்சியில் எழுதிய நோட்டைப் பார்த்து ஒரு மரப்பெட்டி தயார் செய்திருந்தேன். கீழ்த்தட்டில் பல்பு, ஓட்டை போட்ட மேல்தட்டில் குழந்தை. அறுபது வாட்டில் இரண்டு பல்பு, பெட்டிக்குள் தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்று நோட்டில் இருந்தது. என்னிடம் இருந்தவை இரண்டும் நூறு வாட். குழந்தை வெந்துவிடுமே என்று பயந்து மூடியைப் பாதி திறந்து வைத்தேன். எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. முழுதாக மூடினேன். எண்பத்திரண்டில் நின்றுவிட்டது. குழந்தையின் பாதம் நீலமாகிக்கொண்டிருந்தது.

இளையபெருமாள் அவலூர்பேட்டைக்காரர். எட்டாவது வரை படித்தவர். எதன்மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பமாட்டார். நான் கொடுக்கும் இருமல் மருந்தைக்கூட வீட்டில் அளந்து பார்த்துவிட்டு, "அரை அவுன்சு கொறையுது" என்று திரும்பி வருவார். அந்தக் குணத்துக்காக அவரைப் பலமுறை திட்டியிருக்கிறேன்.

அன்று நான் பெட்டி சூடேறாததைச் சொன்னதும், கரித்துண்டை மாட்டிவிட்டு, மில் ஸ்விட்ச் பலகையிலிருந்து இரண்டு மீட்டரையும் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு, கம்பியை வெட்டி நடுவில் ஒரு மீட்டரைச் சேர்த்தார். இன்னொன்றைப் பல்பின் இரு முனையிலும் வைத்தார்.

"நூத்திப்பத்து வோல்ட். ஓடுறது புள்ளி மூணு ஆம்பியர். பெருக்குங்க."

"முப்பத்து மூணு."

"அதான் உங்க நூறு வாட்."

"பல்புல நூறுன்னுதானே போட்டிருக்குது?"

"பக்கத்துல இருநூத்திருவது வோல்ட்டுன்னும் போட்டிருக்குதே, அத படிக்கலயா? மெட்ராஸ்ல வாங்குனது. அந்தத் தள்ளுக்குத்தான் நூறு. நம்ம டைனமோ பாதிதான் தள்ளும், ஓட்டமும் கொறையும். ரெண்டும் கொறஞ்சா மூணுல ஒரு பங்குதான் சூடு."

தரையில் கரித்துண்டால் நூற்றுப்பத்தைப் புள்ளி மூன்றால் வகுத்தார். "தடை முன்னூத்தி அறுவத்தேழு ஓம். இத நீங்க வேண்டிக்கிட்டாலும் மாத்த முடியாது. இன்னும் ரெண்டு பல்பு பக்கத்துல கட்டணும். நாலும் சேந்து நூத்தி முப்பத்தி ரெண்டு வாட். உங்க நோட்டுல இன்னா?"

"நூற்றிருபது."

"மூடிய ஒரு வெரக்கட தொறந்து வெச்சுக்கோங்க."

யுத்த காலம். செஞ்சிக் கடைகளில் பல்பு இல்லை. இருந்தது மாதா தேரில் மட்டும். எங்கள் சனங்கள் திருநாளுக்குப் பல்பு நேர்ந்துகொள்வார்கள். சின்னதாகக் கொடுத்தால் மாதா என்ன நினைப்பாள் என்று மெட்ராஸிலிருந்து நூறு வாட்டாகப் பார்த்துத் தருவிப்பார்கள். எங்கள் லைனில் அது மஞ்சள் கரைத்த தண்ணீர் போல எரியும். மாதாவுக்கு அந்த நிறம்தான் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்வோம். நானும் சொன்னவள்தான். மறுநாள் திருநாள் என்பதால் தேரில் ஆறு பல்பு ஏற்றியிருந்தது, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரோடு ஓர் அட்டை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மதலைமுத்து தேரை மறித்து நின்றார். "நேர்ச்சப் பொருளு. ஏத்துனத எறக்குறதா? நாளைக்கு சனங்க என்னைத்தான் கேக்கும்."

"மாதாவுக்கு ஒருநாள் இருட்டுல நிக்கத் தெரியும் உபதேசியாரே. அந்தப் புள்ளைக்குத் தெரியாது" என்றார் இளையபெருமாள்.

"நீ எங்க கோயிலுக்கு வர்றவனா? உனக்கு இன்னா தெரியும்?"

"உங்க லைனு எனக்குத் தெரியும். அது போதும்."

மதலைமுத்து என்னைப் பார்த்தார். "பாதம் நீலம்" என்றேன். அவரே ஸ்டூல் போட்டு ஏறினார். முதலில் கைக்கு வந்த அட்டையைப் படித்து, "அருளம்மா" என்றார். வயிற்றில் இருந்த இந்தக் குழந்தைக்காக அவள் நேர்ந்து கொடுத்த பல்பு. அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடுத்ததையும் கழற்றி நீட்டினார்.

நாலு பல்பும் எரிந்தபின் ஒரு மணி நேரத்தில் பெட்டி தொண்ணூற்றொன்றுக்கு வந்தது. இளையபெருமாள் விடியும்வரை எஞ்சினை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை குழந்தையின் பாதம் சிவந்திருந்தது. ஃபில்லரில் ஆறு சொட்டுத் தாய்ப்பால் இறங்கியது. இளையபெருமாள் கையெல்லாம் எண்ணெயோடு வந்து முதலில் மீட்டரைத்தான் பார்த்தார். நாலுக்கும் சேர்த்து ஒன்று புள்ளி இரண்டு. பிறகு குழந்தையைப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, தேரிலிருந்து வந்த இரண்டு அட்டைகளிலும் பெயருக்குக் கீழே 33 என்று எழுதினார். என் பல்புகளுக்கும் இரண்டு அட்டை வெட்டச் சொல்லி அதையே எழுதிக் கட்டிவிட்டு, மீட்டர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். வெளியே மதலைமுத்து தேரில் இரண்டு அரிக்கேன் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.