ஒரு தள்ளுவண்டி மார்க்

1. சைபர் தீர்ந்த நாள்

என் அச்சுத் தொழிலில் நான் அடித்த ஆகப்பெரிய தொகை ஒரு லட்சம் கோடி மார்க். அதற்கு ஒரு பாண் வாங்கலாம், பேக்கரிக்காரன் மனம் இரங்கினால்.

திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். முதலாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியில் நடக்கிற கதை. காசு செல்லாமல் போகிறது, வீதியெல்லாம் கலகம், கூலிக்காரன் தன் சம்பளத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போகிறான். எழுதியதும் நடித்ததும் கிரேன் ஒப்பரேட்டர் சிவலிங்கம். சங்கத் தலைவரும் அவர்தான். நோட்டு அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார்.

“ஒரு பக்கம் மட்டும் அடிச்சாக் காணும். அவங்களும் அவசரத்தில அப்பிடித்தான் அடிச்சவங்களாம்” என்றார்.

நான் ஈய எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டர். கேஸில் கிடந்த சைபர்கள் பாதியிலேயே தீர்ந்துவிட்டன. ஆங்கில ஓ எழுத்துகளைச் செருகிச் சமாளித்தேன். புரூவ் தாளைப் பார்த்த சிவலிங்கம், “ஜெர்மன்காரனுக்கும் இதுதான் நடந்திருக்கும்” என்று சிரித்தார்.

அடுத்தது கடதாசி. பாணுக்குக் கியூ நின்ற காலம், கடதாசிக்கும் தட்டுப்பாடு. கிண்ணியாக்காரரான எங்கள் முதலாளி ஒரு பக்கம் வெறுமையான தாளை உயிர் போனாலும் எறியமாட்டார்.

“ராக்கைத் தட்டில கிடக்கிறத எடுங்க தம்பி.”

எடுத்துப் பார்த்தேன். இராசையாண்ணையின் மகளுடைய கலியாண அழைப்புக் காட். எனக்கு மனம் கேட்கவில்லை.

2. மிஞ்சிய காட்

இராசையாண்ணை லிங்கநகர்க்காரர், துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகு ஓட்டுபவர். ஒரு வேலைநிறுத்தத்தில் அவர் மட்டும் வேலைக்குப் போனார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தார், கையில் சதம் இல்லை. அதற்குப் பிறகு துறைமுகத்தில் ஒருவரும் அவரோடு கதைப்பதில்லை.

முன்னூறு காட் அடிக்கத் தந்தவர், எடுக்க வந்தபோது ஐம்பதை மட்டும் எண்ணி எடுத்தார்.

“மிச்சம் வேண்டாம் தம்பி. ஆர் வரப்போகினம்? ஆக்கள் வராத பந்தலில பிள்ளையை எப்பிடி இருத்துறது எண்டுதான் யோசனை.”

அந்த மிச்சம்தான் என் கையில் இருந்தது. கலியாணத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. இது வேண்டாமே என்று முதலாளியிடம் சொன்னேன்.

“மேடையில எறியிற காசு தம்பி. ஆரு திருப்பிப் பாக்கப்போறா?” என்றார். காட்டைத் திருப்பி வைத்து அச்சு மெஷினை மிதித்தேன்.

3. கோடீஸ்வரர்கள்

நாடகத்துக்கு நல்ல சனம். கியூவில் நிற்கும்போதே பாணின் விலை ஏறுகிற காட்சிக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எங்களுக்கும் கியூ பழக்கம்தானே. ஊர்வலக் காட்சியில் சிவலிங்கம் வண்டியில் ஏறி நின்று, “இந்தாங்கோ, இண்டைக்கு எல்லாரும் கோடீஸ்வரர்” என்று நோட்டுகளைச் சபைக்குள் வாரி எறிந்தார். முண்டியடித்துப் பொறுக்கினார்கள். பொறுக்கியவர்கள் திருப்பியும் பார்த்தார்கள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

செய்தி கேட்ட முதலாளிக்கு வியர்த்துவிட்டது. “அந்த மனிசனை ஊரே நக்கலடிக்கப்போகுது. எல்லாம் நம்மளாலதான்.”

கலியாணத்தன்று வெள்ளன நானும் பந்தலுக்குப் போனேன். ஐம்பது கதிரை போட்டிருந்தது. பாதி காலி. இராசையாண்ணை வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது வீதி முடக்கில் நாடகத் தள்ளுவண்டி திரும்பியது. தள்ளிக்கொண்டு வந்தவர் சிவலிங்கம். பின்னால் துறைமுகமே வேட்டி கட்டி வந்தது. வண்டி நிறையப் பாண், தேங்காய், ஆளுக்கு ஒரு சுண்டு அளந்து சேர்த்த அரிசி. அண்ணை வாசலைவிட்டு இறங்கி வந்தார்.

“ஆர் உங்களைக் கூப்பிட்டது?” என்றார்.

சிவலிங்கம் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, காட் பக்கத்தைக் காட்டினார்.

“நீங்கள்தான், அண்ணை. இவ்வளவு காட் அடிச்சனீங்களெண்டா எங்களையும் நினைச்சுத்தானே அடிச்சனீங்கள்?”

அண்ணை கிண்ணத்தை நீட்டினார். சிவலிங்கம் அந்தக் கையைப் பிடித்துத் தானே சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார். கதிரை போதாமல் அயல்வீடுகளுக்கு ஓடினோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

பின்னாளில் ஆராவது வந்து, “காட்டைக் குறைச்சு அடியுங்கோ, அவையள் வராயினம்” என்றால், நான் முழுக்கட்டையும் அடித்து அவர்கள் கையில் வைத்துவிடுவேன்.

“குடுத்துப்பாருங்கோ. வருவினம்.”