திட்டாத வகுப்புக்கு இரண்டு மதிப்பெண் கூடுதல்

அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'எதோட டீச்சர்'. யார் எதைச் சொன்னாலும், "எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?" என்பார். புது எண்ணெயில் முடி வளர்ந்ததாகப் பூரித்த சக ஆசிரியையிடம், "பாதித் தலைக்குத் தேய்ச்சு, மீதியைச் சும்மா விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். அதன்பின் ஓய்வறையில் அவர் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

வகுப்பில் அவர் திட்டும் சத்தம் மாடி வரை கேட்கும். திட்டாவிட்டால் பிள்ளைகள் உருப்படாது என்பது அவர் கட்சி. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காரைச் சுவரில் மோதப் போகிறவர்களிடம்கூட, "பிரேக் மிதிங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பழகியவர். ஒரு மாலை அவர் கேட்டார்:

"இத்தனை வருஷமாத் திட்டுறியே, அதனாலதான் படிக்கிறாங்கன்னு எதோட ஒப்பிட்டுச் சொல்ற?"

டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு, சோதித்துப் பார்க்கத் திட்டம் போட நோட்டை எடுத்தார்.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகளுக்கு அவர் பாடம் எடுத்தார். எந்தப் பிரிவைத் திட்டாமல் விடுவது என்பதைத் தன் விருப்பத்துக்கு விடவில்லை, காசைச் சுண்டினார். பி பிரிவு தப்பித்தது. பாடம், வீட்டுப்பாடம், கேள்வித்தாள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். மாறுவது திட்டு மட்டும். திருத்தும்போது தன் கை ஒரு பக்கம் சாயும் என்று பயந்து, பெயரையும் பிரிவையும் மறைத்து விடைத்தாள்களைக் கணக்கு சாரிடம் கொடுப்பதென்று முடிவுசெய்தார்.

பி பிரிவில் வீட்டுப்பாடம் எழுதாத ஒருவனிடம், "பரவாயில்ல, நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார். 'வாங்க'வைக் கேட்டு அவன் வெலவெலத்துப் போனான். சில வாரங்களில் வகுப்புத் தலைவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"டீச்சர், எங்களைக் கைகழுவிட்டீங்களா? ஏ பிரிவை மட்டும் அக்கறையாத் திட்டுறீங்க."

அவளைத் திட்ட வந்த நாக்கை டீச்சர் கடித்துக்கொண்டார். ஏ பிரிவிலோ வேறு சிக்கல். எல்லாரும் ஒழுங்காக இருந்த நாட்களில் திட்டக் காரணம் தேடி மேசைக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

தேர்வு முடிந்தது. ஏ பிரிவின் சராசரி அறுபத்துநான்கு, பி பிரிவுக்கு அறுபத்தாறு. செங்குத்து அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்கி இரண்டு பட்டைகள் வரைந்தார். ஒரே உயரத்து அண்ணன் தம்பிபோல நின்றன. ஒவ்வொரு பிரிவிலும் இருபது வாங்கியவரும் உண்டு, தொண்ணூறு வாங்கியவரும் உண்டு. அந்தச் சிதறலில் இரண்டு மதிப்பெண் மலைக்கு முன் கடுகு. இத்தனை வருடக் கத்தல் எங்கே போயிற்று என்று வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியைக்கு வரைபடம் பிடித்துப்போயிற்று. பெற்றோர் கூட்டத்துக்காகப் பெரிதாக அச்சடித்தார். அச்சு மட்டும் அறுபத்துமூன்றிலிருந்து தொடங்கியது. ஏ பிரிவு முழங்கால் உயரம். பி பிரிவு அதைப்போல மூன்று மடங்கு. மேலே, 'அன்பால் உயர்ந்த வகுப்பு'.

டீச்சர் மேடையேறினார். "அடியில அறுபத்துமூணு மார்க்கை வெட்டிட்டாங்க. அதனாலதான் இவ்வளவு பெருசாத் தெரியுது. ரெண்டே வகுப்பு, ஒரே பரீட்சை. இதை வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாதுங்க."

அரங்கம் கைதட்டியது. "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க" என்றார் முன்வரிசையில் ஒரு தந்தை.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது: இனி எந்த ஆசிரியரும் குரல் உயர்த்தக் கூடாது. ஓய்வறையில் அவருடன் பேசிக்கொண்டிருந்த ஓரிருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டில் கணவர் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார்: "வித்தியாசமே இல்லேன்னா, திட்டாமலே இருக்கலாமே."

"வித்தியாசமே இல்லேன்னா, திட்டிக்கிட்டும் இருக்கலாமே" என்றார் டீச்சர்.

சண்டையைத் தீர்க்க ஒரே வழி, பிரிவுகளை மாற்றி மறுபடி செய்து பார்ப்பது. தலைமையாசிரியையிடம் போய், பி பிரிவை மட்டும் ஒரு பருவம் திட்ட அனுமதி கேட்டார்.

"நிரூபிச்சாச்சே டீச்சர். இன்னும் எதுக்கு?" என்று அவர் கனிவாகச் சிரித்தார்.

டீச்சர் அங்கிருந்து நேராக ஏ பிரிவுக்குப் போனார். பாதிப் பேர் வீட்டுப்பாடம் எழுதியிருக்கவில்லை. மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "சரி, எழுதினவங்க மட்டும் கொடுங்க" என்றார்.