இருக்கிற எடமே தெரியல

குழந்தைகள் காப்பகத்தில் பத்தொன்பது வருடம் ஆயாவாக இருந்தவளுக்குச் சமையல்காரம்மா வைத்த பெயர் மியூட் பட்டன். பொருத்தமான பெயர்தான். பதினான்கு பிள்ளைகள் இருக்கும் அறையை மதியம் ஒரு மணிக்கு ஆளில்லாத அறை ஆக்கிவிடுவாள். ஒருநாளும் கை நீட்டியதில்லை. தொண்டையை ஒருமுறை செருமுவாள். பிறகு ஒரே வாக்கியம்: "இருக்கிற எடம் தெரியாம இருக்கணும்." அடங்கிய பிள்ளைக்குக் கன்னத்தில் இரண்டு தட்டு. "சமத்து. இருக்கிற எடமே தெரியல."

அந்த வாக்கியமும் செருமலும் அவளுடைய சொந்தச் சரக்கு அல்ல. அவள் மாமியார் தலைவலிக்காரி. கல்யாணமான மறுநாளே அவளிடம் அப்படித்தான் செருமிவிட்டுச் சொன்னாள். ஆறு வருடம் படுக்கையில் கிடந்து அந்தம்மா போய்ச் சேர்ந்தாள். வாக்கியம் தங்கிவிட்டது.

பதினான்கு பிள்ளைகளில் தையல்காரியின் மகளைத்தான் ஆயாவுக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று வயது முடிந்தும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத பெண். தாய் கண்கலங்கினால், "வாயாடியப் பெத்தவளக் கேட்டுப் பாரு, உன் மக அருமை தெரியும்" என்று ஆயா அவள் வாயை அடைத்துவிடுவாள். தனியாகக் கட்டைகளை அடுக்கும்போது மட்டும் அந்தப் பெண்ணின் உதடு அசையும். அதில் அதிசயமில்லை. கை ஒரு வேலையில் இருக்கையில் பிள்ளைகள் தமக்குத் தாமே வழி சொல்லிக்கொள்ளும். பெரியவர்கள் அதையே வாயை மூடிக்கொண்டு செய்கிறோம். என்ன சொல்கிறாள் என்று யாரும் காதுகொடுத்ததில்லை.

ஒரு புதன்கிழமை, தூக்கம் முடிந்து எண்ணினால் பதின்மூன்று தலை. தையல்காரியின் மகளைக் காணோம். குளியலறையில் இல்லை, சமையற்கட்டில் இல்லை. வாசல் கதவு பூட்டியபடி இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். "யாராவது பாத்தீங்களா?" என்று மற்ற பிள்ளைகளைக் கேட்டாள். பதின்மூன்று ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. ஒரு வாயும் திறக்கவில்லை.

கால் மணி நேரம் போயிற்று. நடு அறையில் வந்து நின்றாள்.

அப்போது சுவர்ப் பக்கத்திலிருந்து அவளுடைய செருமல் கேட்டது.

அவள் வாய் மூடியிருந்தது. மறுபடியும் கேட்டது. பிறகு அவள் குரலே, ஆனால் நூல்போல் மெலிந்து: "கால மடக்கு. தலைய உள்ள இழு. இருக்கிற எடம் தெரியாம இருக்கணும்." நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, இழுக்கும் இடத்தில் இழுத்து. ஆயா சுவர்ப் பக்கம் ஓடினாள்.

மெத்தை அலமாரி. சாத்தினால் வெளித் தாழ்ப்பாள் தானே விழும் கதவு. திறந்தாள். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே, வேர்வையில் நனைந்து, உதடு வெளுத்து, மடித்து வைத்த துணிபோல் குழந்தை. பயமே இல்லை. யாருக்கும் தெரியாத இடம் எது என்று யோசித்துத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறாள்.

வெளியே இழுத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் புகட்டி மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று சமையல்காரம்மா கேட்டதற்கெல்லாம் அவள் பதிலே சொல்லவில்லை.

குழந்தை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. செருமியது. அவள் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

"சமத்து. இருக்கிற எடமே தெரியல."

சாயங்காலம் தையல்காரி வந்து வழக்கம்போலக் கேட்டாள். "இன்னைக்காவது வாயத் தெறந்தாளா, ஆயாம்மா?"

தொண்டைவரை வந்த செருமலை ஆயா விழுங்கினாள்.

"தெறந்தா. உள்ள வந்து உக்காரு. அது யாரு பேச்சுன்னு சொல்றேன்."