மாப்பிள்ளை கழுத்தும் மூணு புள்ளி ஒண்ணும்

சீப்பை உதட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, கண்ணாடியைப் பார்த்து வராத புகையை ஊதிவிட்டுத்தான் தங்கராஜு கத்தரிக்கோலை எடுக்கிறார். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் அவருடைய முடிவெட்டும் கடை. பாதி வெட்டிய தலையை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு, வாசலுக்குப் போய்ப் புகைத்துவிட்டு வந்தே முப்பது வருடம் ஓட்டியவர். சிகரெட்டை விட்டு ஒரு மாதம் ஆகிறது. கைக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

விட்ட சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சட்டைக் கையைச் சுருட்டி, புகை ஆசையை அடக்கத் தோளில் ஒட்டியிருக்கும் நிக்கோட்டின் பேட்ச்சைக் காட்டுகிறார். “ஓசிலதான் குடுத்தாங்க லா. கிளினிக்ல போய்க் கேட்டாலே போதும்” என்று கட்சிக்கு ஆள் சேர்க்கிறார்.

பேட்ச்சைக் கொடுத்த மருந்தாளர் ஷாஹிரா அன்றே எச்சரித்திருந்தார். தங்கராஜு ஒன்பது வருடமாக இனிப்புநீருக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர். புகையை விட்டால் அதே அளவு ஊசி முன்னைவிடப் பலமாக வேலை செய்யலாம், பேட்ச்சும் ரத்தத்தில் சீனியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும், அதனால் அடிக்கடி விரலைக் குத்திப் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார். தங்கராஜு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதில் விழுந்தது ‘இலவசம்’ என்ற ஒரு சொல் மட்டும்தான்.

இரண்டு வாரத்தில், தினமும் காலை பத்தரை மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, உடம்பு வேர்த்தது. தங்கராஜு யோசிக்காமல் பழியைச் சிகரெட்டின் தலையில் போட்டார். “என்னைய விட்டுப் போக மனசில்லாம அழுவுது” என்று விளக்கமும் சொன்னார். அந்த அழுகையை அடக்க மறு தோளிலும் ஒரு பேட்ச் ஒட்டிக்கொண்டார். பதவி உயர்வு கிடைத்த போலீஸ்காரர் போல இரண்டு தோளையும் நிமிர்த்தி நடந்தார்.

போன சனிக்கிழமை யுகேந்திரன் சவரத்துக்கு வந்தார். மறுநாள் அவருக்குக் கல்யாணம். நுரை பூசிய கழுத்தை அண்ணாந்து காட்டினார். தாடைக்குக் கீழே இறங்கிய கத்தி தாளம் போட்டது.

“அண்ணே, நாளைக்கு இந்தக் கழுத்துல மாலை விழணும்” என்றார் உதட்டை அசைக்காமல்.

“சிகரெட்டுதான் தம்பி, ஒரு நிமிசத்துல அடங்கிரும்.” தங்கராஜுவின் நாக்கு குழறியது. அவர் நெற்றி வேர்வை மாப்பிள்ளையின் நுரையில் சொட்டியது.

யுகேந்திரனின் அம்மாவும் இன்சுலின் போடுகிறவர். சீனி இறங்கும்போது வரும் இந்த வேர்வையை மகன் வீட்டில் பார்த்திருக்கிறார். கத்தியை மெல்ல வாங்கி வைத்து, தங்கராஜுவைத் தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் கட்டிய துணியோடும் முகம் நிறைய நுரையோடும் சந்தைக்குள் ஓடினார். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பயந்து ஓடுகிறான் என்று மீன்காரர்கள் வழிவிட்டதாகக் கேள்வி. கரும்புச்சாற்றோடு திரும்பி வந்து குடிக்க வைத்தார். இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த சீனி பார்க்கும் மீட்டரை எடுத்து விரலைக் குத்தினார். மூணு புள்ளி ஒண்ணு. நாலுக்குக் கீழே போகவே கூடாது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கால் மணி நேரத்தில் எண் ஏறியது, நடுக்கமும் நின்றது. ஆனால் தங்கராஜுவுக்குக் கத்தியைத் தொடவே பயமாக இருந்தது. இனி இந்தக் கையை நம்பி யார் கழுத்தைக் கொடுப்பார்கள் என்று கேட்டு அழுதுவிட்டார். மிச்ச சவரத்தை மாப்பிள்ளையே செய்துகொண்டார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் ஷாஹிரா ஒரு பேட்ச்சைப் பிய்த்து எடுத்தார். டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார். சிகரெட் தமக்காக அழவில்லை என்று தெரிந்ததில் தங்கராஜுவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நேற்று யுகேந்திரன் புது மாப்பிள்ளையாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கராஜு நுரையைக் குழைக்கவில்லை. முதலில் தம் விரலைக் குத்தினார். துடைத்துக் கைகழுவிவிட்டு வந்து, மீட்டரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“படிங்க தம்பி.”

ஆறு புள்ளி நாலு என்று யுகேந்திரன் வாய்விட்டுப் படித்தார். கண்ணை மூடி, கழுத்தை அண்ணாந்து கொடுத்தார். அதன் பிறகுதான் தங்கராஜு கத்தியை விரித்தார்.