கண்ணாடிக்கடைக்காரரின் பட விமர்சனம்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் கண்ணாடிக்கடை வைத்திருந்த கிரிசாந்தோவிடம் கண் காட்டப் போனால் பட விமர்சனத்தையும் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டிய பிறகு யார் எழுந்து ஓட முடியும்?

"சூப்பர்ஹீரோவாம், ஊரைக் காப்பாத்துறேன்னு வர்றான். பாதி ஊரை அவனே இடிச்சுத் தள்ளுறான். அப்புறம் அங்கியை உதறிட்டுப் பறந்துடுறான். குப்பையை எவன் அள்ளுவான்? ம், அடுத்த வரி படிங்க."

பாட்டுப் படங்கள் மேல் இன்னும் கடுப்பு. "காதலி விட்டுட்டுப் போறா. ஓடிப் புடிக்காம நடுத்தெருவுல நின்னு பாடுறான். கூட ஒரு கும்பலே ஆடுது. அதுங்களுக்கு வேற பொழப்பு இல்லையா?"

இவ்வளவு வெறுத்தவர் ஒரு படத்தையும் விட்டதில்லை. திட்டுவதற்கும் சரக்கு வேண்டுமே.

ஒரு ஞாயிறு, திரையில் வீரன் ஒருவன் சாக, அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இவர் கெக்கெக்கே என்று சிரித்தார். "அழாதீங்க, அடுத்த பாகத்துல எந்திரிச்சு வந்துடுவான்" என்று ஆறுதல் வேறு.

பக்கத்து இருக்கையில் பெர்பெத்துவா. அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டையே அதட்டி ஆளும் தலைமைத் தாதி. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏன் சார், உங்க வீட்ல பேச ஆளே இல்லையா?"

ஐம்பது தாண்டிய பிரம்மச்சாரி அவர். பேச ஆள் இல்லைதான்.

படம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனார். மன்னிப்பு பாதியிலேயே விமர்சனமாகி, நூடுல்ஸ் சூப் கடைவரை நீண்டது. பெர்பெத்துவாவுக்குப் பாட்டுப் படம் என்றால் உயிர். சூப் ஆறியதே தவிர சண்டை ஆறவில்லை. அடுத்த ஞாயிறும் தொடர்ந்தது, அதற்கடுத்ததும்.

சில மாதம் கழித்துக் கிரிசாந்தோ கல்யாணப் பேச்சை எடுத்தார். பெர்பெத்துவா பிடி கொடுக்கவில்லை. எத்தனை தடவை கேட்டாலும், "பாக்கலாம்" என்பதோடு சரி.

பெர்பெத்துவாவின் தங்கை பிறந்தநாள் விருந்தில், பாடுபவருக்கு மதிப்பெண் போடும் கரோக்கே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கிரிசாந்தோ திடீரென்று எழுந்து மைக்கைப் பிடுங்கி ஒரு காதல் பாட்டை எடுத்தார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தெருநாய்கள் சேர்ந்துகொண்டன. இயந்திரமே இரக்கப்பட்டுத் தொண்ணூறு மதிப்பெண் போட்டது.

"எதுக்குப் பாடினீங்க? வாயால சொல்லியிருக்கலாமே?" என்றார் பெர்பெத்துவா.

"சொன்னா நீ எங்க கேட்ட?"

"படத்துல அவங்களும் அதுக்குத்தான் பாடுறாங்க."

மறுப்புச் சொல்ல வாய் திறந்தவர், பெர்பெத்துவா சிரிப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார். வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

கல்யாணத்தால் அவர் கருத்துகள் மாறும் என்று ஊர் நம்பியது. மாறவில்லை. படத்துக்குப் போனால் பெர்பெத்துவா வறுத்த கடலை வாங்கி அவர் மடியில் வைத்துவிடுகிறார். வாய்க்கு வேலை இருக்கும்வரை அரங்கத்துக்கு நிம்மதி. அந்த ஊர் அரங்குகளில் இடைவேளை கிடையாதென்பதால் பெரிய பொட்டலமாகவே வாங்குகிறார்.