குழாய் தெரியாத கூரை

உங்கள் வீட்டில் சமைக்கிறவரின் கண்ணைக் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தீர்கள்? பாக்கியம் பார்க்கிறார். கல்வராயன் மலையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "இன்னாம்மே, கண்ணக் காட்டு" என்று கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்த பிறகுதான் குடையையே மடக்குவார்.

கிராம சேவிகா வேலை. ரிஷிவந்தியம் பக்கத்துக் கிறிஸ்தவக் கூலிக் குடும்பத்தில் அரசுச் சம்பளம் வாங்கிய முதல் பெண். தில்லி அனுப்பும் புகையில்லா அடுப்புத் திட்டத்தை மலை வீடுகளில் கொண்டுசேர்ப்பது அவர் பொறுப்பு. அடுப்புக்கு மண் பிசையும்போது ஒரு துளி எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். "பல்லுல நறநறன்னா மணல் ஜாஸ்தி. உதிர்ந்துடும்." மென்றுகொண்டே தேவாலயப் பாட்டையும் முணுமுணுப்பார்.

"கர்த்தரு வந்து அடுப்பு ஊதுவாருங்களா, சேவிகாம்மா?" என்று சீண்டுவாள் சின்னப்பொண்ணு.

"அவரு ஆம்பளதானே, எங்க ஊதப்போறாரு?" என்பார் பாக்கியம்.

சின்னப்பொண்ணு மலைவாசிப் பெண்; புகையிலேயே கிடந்து கண் பழுத்தவள். அவள் வீட்டில்தான் பாக்கியம் முதன்முதலில் விதிப்படி அடுப்பு கட்டினார். கூரைக்கு மேல் மூன்று அடி குழாய். புகை வெளியே போயிற்று. ஆனால் அடுத்த விதைப்புக் காலத்தில் வந்து பார்த்தால், குழாயைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். "அறிவு கீதா உனக்கு? கண்ணு அவிஞ்சாத்தான் தெரியுமா?" என்று கத்தினார் பாக்கியம். சின்னப்பொண்ணு பரணிலிருந்து ஒரு பிடி விதைச்சோளத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அத்தனையும் ஓட்டை. அடுப்புப் புகை ஏறாத பரணில் வண்டு குடியேறிவிட்டது.

கண் வேண்டுமா, விதை வேண்டுமா? இப்படி ஒரு கேள்வியை ஏழையிடம் மட்டும்தான் இந்த நாடு கேட்கும்.

இரண்டும் வேண்டும் என்றார் பாக்கியம். இருவருமாகக் குழாயைத் திருப்பிப் பரணுக்கே விட்டார்கள். பொறி பறக்காமலிருக்க, ஓட்டை போட்ட பானை ஒன்றை அதன் வாயில் கவிழ்த்தார்கள். சமைப்பவள் முகத்துக்குப் புகை இல்லை; விதைக்கு உண்டு. ஊரே அப்படிக் கட்டிக்கொண்டது.

எண்பத்தேழில் மத்திய அரசின் சார்பில் ஆய்வுக்கு வந்தார் தெய்வசிகாமணி. ஜீப்பில் உட்கார்ந்தபடியே கூரைகளைப் பார்த்தார்.

"எங்கம்மா குழாய்? ஒண்ணுகூடத் தெரியலையே."

"வூட்டுக்குள்ள இருக்குதுங்க சார்."

"வெளியில தெரியாதது கணக்குல சேராது. எல்லாத்தையும் இடிச்சுட்டு விதிப்படி கட்டுங்க."

தன் வீட்டுக்குள்ளேயிருந்து சின்னப்பொண்ணு குரல் கொடுத்தாள். "இடிக்கட்டும். வெதைய வண்டு தின்னா தில்லியிலேர்ந்து வெத அனுப்புவாங்களா, கேளுங்க!"

ஜீப் கிளம்பிப் போயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தது. மலைக்குக் கீழே, படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வெட்டிப்போட்ட புளியமரங்கள் குறுக்கே கிடந்தன.

"எப்பதான் விடுவாங்களாம்?" என்று அலுத்துக்கொண்டார் தெய்வசிகாமணி.

"கேக்காம எவன் சார் குடுத்தான்?" என்றார் பாக்கியம். "பசிக்குதில்ல? உள்ள வாங்க." சின்னப்பொண்ணு வீட்டு அடுப்புக்கு எதிரிலேயே அவரை உட்கார வைத்தார்.

சாமைச் சோறு கொதிக்கும்வரை தெய்வசிகாமணி கைக்குட்டையைத் தயாராகப் பிடித்திருந்தார். அது நனையவே இல்லை. பரணை அண்ணாந்து பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் பேனாவை எடுத்தார்.

"சமைக்கிறவங்க கண்ணு எரியக் கூடாது. அதான் எங்க இலக்கு. அது நடந்திருக்குன்னு எழுதறேன். குழாய் உயரத்தப் பார்க்க வேணாம்னும் கேக்கறேன்."

"வெத கெடக் கூடாதுன்னும் எழுதுங்க."

"அது எங்க இலக்கு இல்லையேம்மா."

"எங்களுதுங்க சார். உங்களுது, எங்களுது, ரெண்டையும் ஒரே வரியில போடுங்க. தனித்தனியாப் போட்டா ஒண்ண அடிச்சிடறாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரே வரியில் எழுதினார்.

இடிக்கும் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. தில்லியின் முடிவு இன்னும் வரவில்லை. பாக்கியம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த ஊர் மண்ணை வாயில் போட்டு மெல்லத் தொடங்கிவிட்டார். போகிற வழியில் சின்னப்பொண்ணு வீட்டுக்குள் குனிந்து நுழைகிறார். கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். சிவப்பு குறைந்திருக்கிறது. கையை எடுக்காமல், அவள் கன்னத்தில் ஒட்டிய கரியைத் தன் முந்தானையால் துடைக்கிறார்.

நீங்களும் இன்று உங்கள் வீட்டு அடுப்படியில் போய் உட்காருங்கள். சோறு வேகும்வரை எழுந்திருக்காதீர்கள்.